ஓட்டமும் ஓய்வும்



2010ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், சீனாவின் குவாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், பெண்களுக்கான 10,000 மீட்டர் ஓட்டம் நடந்தது. இடுக்கி மாவட்டத்தில் ராஜாக்காட்டை அடுத்துள்ள முல்லக்கானம் என்னும் மலைக் கிராமத்தைச் சேர்ந்த பிரீஜா ஸ்ரீதரன், 31 நிமிடம் 50.47 வினாடியில் ஓடி முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். ஒரு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் இந்தியாவின் கவிதா ராவுத் இரண்டாவதாக வந்தார். ஐந்து நாட்களுக்குப் பின், 26ஆம் நாளன்று, அதே இருவரும் 5,000 மீட்டர் ஓட்டத்தில் மீண்டும் களமிறங்கினர். பஹ்ரைன் நாட்டின் மிமி பெலெட்டே முதலிடம் பெற, பிரீஜா 15 நிமிடம் 15.89 வினாடியில் வெள்ளியும், கவிதா வெண்கலமும் வென்றனர். தங்கத்திற்கும் வெள்ளிக்கும் இருந்த இடைவெளி 0.30 வினாடி.

பத்திரிகைகள் பதக்கங்களைப் பற்றி எழுதின. அது முறையே. ஆயினும் உடலியலைப் பயில்வோருக்கும், விளையாட்டு வளர்ச்சிப் பணியில் உள்ளோருக்கும் அந்த இரண்டு ஓட்டங்களைவிட அவற்றுக்கு இடைப்பட்ட ஐந்து நாட்களே அதிகப் பாடம் கற்பிக்கக் கூடியவை. தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு 25 சுற்றுகள் ஓடிய ஓர் உடல், ஐந்தே நாட்களில் மீண்டும் உச்ச வேகத்திற்கு எவ்வாறு தயாராகிறது? எது விரைவில் மீள்கிறது? எது தாமதமாக மீள்கிறது? எது மீளாமலே நின்றுவிடக்கூடும்? இவையே இவ்வுரையின் பொருள்.

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் இதற்குத் தக்க களங்களாகும். இடுக்கி மலைகள் பிரீஜாவுக்கு முன்பே ஷைனி வில்சன், கே.எம். பீனாமோல் ஆகிய 800 மீட்டர் வீராங்கனைகளை நாட்டிற்கு அளித்தன. பாலக்காட்டின் முண்டூரிலிருந்து வந்த பி.யு. சித்ரா, 2017இல் புவனேசுவரத்திலும் 2019இல் தோகாவிலும் ஆசியத் தடகளப் போட்டிகளின் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பாலக்காட்டைச் சேர்ந்த முகம்மது அப்சல் 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி பெற்றார். இவர்களில் பலர் எளிய குடும்பங்களில் பிறந்து அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மைதானங்களில் ஓடிப் பழகியவர்கள். ஆகவே அவர்களுடைய உடல் எவ்வாறு மீள்கிறது என்பது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் வினா அன்று. பள்ளி, விடுதி, உணவு, நிதி ஒதுக்கீடு ஆகியவற்றையும் தொடும் வினாவாகும்.

உச்ச உழைப்பில் உடல்

ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதனின் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. முழு வேக ஓட்டத்தின்போது சாதாரண இளைஞனிடம் இது ஏறத்தாழ 20 லிட்டராகவும், தேர்ந்த நெட்டோட்டக்காரரிடம் 30 லிட்டருக்கு மேலும் உயர்கிறது. ஓய்வில் தசைகளுக்குச் செல்வது மொத்த இரத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கே. ஓட்டத்தின்போது ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. இரைப்பை, குடல், சிறுநீரகம் ஆகியவை தம் பங்கை விட்டுக் கொடுக்கின்றன. ஓடி முடித்த சிறுவனுக்குக் குமட்டல் உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓர் உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவே நெட்டோட்டத் திறனின் அடிப்படை அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. பயிற்சியற்ற இளைஞனிடம் இது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 35 முதல் 45 மில்லிலிட்டர் வரை இருக்கும். உலகத் தரம் வாய்ந்த ஆண்களிடம் 70 முதல் 85 வரையும், பெண்களிடம் 60 முதல் 70 வரையும், சிலரிடம் அதற்கு மேலும் காணப்படுகிறது. 10,000 மீட்டர் ஓட்டத்தில் செலவாகும் ஆற்றலில் நூற்றுக்கு 95 பங்கிற்கு மேல் பிராணவாயுவின் துணையுடன் கிடைப்பதே. எஞ்சிய சிறு பங்கு, கடைசிச் சுற்றில் வேகத்தைக் கூட்டும்போது, பிராணவாயு போதாத நிலையில் சர்க்கரைச் சத்தைச் சிதைத்துப் பெறப்படுகிறது. அப்போது இரத்தத்தில் லாக்டேட் பெருகுகிறது.

தசை செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கே இயக்கமாகிறது, மீதி வெப்பமாகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடச் சுமார் 500 கிலோகலோரி செலவாகும். அதில் வெப்பமாக மாறும் பகுதி வெளியேறாமல் உடலிலேயே தங்கிவிட்டால், உடல் வெப்பநிலை 9 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். அவ்வாறு நேராமல் காப்பது வியர்வை. இக்கணக்கை அறிந்தவர், ஓட்டக்காரருக்குத் தண்ணீர் கொடுப்பதைச் சலுகை என்று கருதமாட்டார்.

மூச்சின் கடன்

ஓட்டம் முடிந்த பின்னரும் நெஞ்சு விம்முகிறது; மூச்சு இரைக்கிறது. பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃபுடன் 1922ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் இந்நிலையைப் ‘பிராணவாயுக் கடன்’ என்று பெயரிட்டு அழைத்தார். ஓடும்போது பட்ட கடனை ஓய்வில் உடல் அடைக்கிறது என்பது அவர் கருத்து. அந்தக் கடனின் பெரும்பகுதி லாக்டிக் அமிலத்தை அகற்றவே பயன்படுகிறது என்று அவர் கருதினார். பிற்கால ஆய்வுகள் அதைத் திருத்தின. உடனடி ஆற்றல் சேமிப்பை நிரப்புதல், உயர்ந்த உடல் வெப்பம், வேகமாகத் துடிக்கும் இதயம், இரத்தத்தில் மிகுந்துள்ள இயக்குநீர்கள் ஆகிய பலவும் அந்தக் கூடுதல் மூச்சுக்குக் காரணம் என்று இன்று அறியப்பட்டுள்ளது.

இங்கே ஒரு பழைய தவறான எண்ணத்தையும் நீக்குதல் வேண்டும். மறுநாள் காலில் தோன்றும் வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று பல மைதானங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. உண்மையில், கடும் ஓட்டத்திற்குப் பின் பெருகிய லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய அளவை நெருங்கிவிடுகிறது. அது வீணான கழிவும் அன்று. இதயமும் பிற தசைகளும் அதை எரிபொருளாகக் கொள்கின்றன. கல்லீரல் அதை மீண்டும் சர்க்கரையாக்குகிறது. ஓட்டம் முடிந்தவுடன் படுத்துவிடுவதைவிட, மெதுவாக நடந்தோ மென்னோட்டம் ஓடியோ இருந்தால் லாக்டேட் விரைவில் குறைகிறது.

மென்னடைக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஓடும்போது கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை இதயத்திற்குத் தள்ளுகின்றன. திடீரென நின்றுவிட்டால் இரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குச் செல்வது குறைந்து, மயக்கம் உண்டாகலாம். இலக்குக் கோட்டைக் கடந்த பிள்ளையைப் பத்து நிமிடம் நடக்க வைப்பது செலவில்லாத பாதுகாப்பாகும்.

எரிபொருளின் கடன்

மூச்சின் கடன் நிமிடங்களிலும் மணியிலும் தீர்கிறது. எரிபொருளின் கடன் அவ்வளவு விரைவில் தீர்வதில்லை. தசைகளில் 300 முதல் 500 கிராம் வரையும், கல்லீரலில் சுமார் 100 கிராமும் கிளைகோஜன் என்னும் வடிவில் சர்க்கரைச் சத்து சேமிக்கப்பட்டிருக்கிறது. கொழுப்பு உடலில் ஏராளமாக இருந்தாலும், உச்ச வேகத்திற்குக் கிளைகோஜனே முதன்மை எரிபொருள். அது வற்றினால் கால்கள் ஓட மறுக்கின்றன.

இதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டியவர்கள் சுவீடன் நாட்டின் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோமும் எரிக் ஹுல்ட்மனும் ஆவர். 1966இல் வெளியான அவர்களது சோதனை எளிமையானது. அவர்கள் ஒற்றைக் காலால் மட்டும் சைக்கிள் மிதித்து அந்தக் காலைக் களைக்கச் செய்தனர். மற்றக் கால் ஓய்வில் இருந்தது. பின் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவு உண்டு, இரு கால்களிலிருந்தும் ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தனர். உழைத்த காலில் கிளைகோஜன், ஓய்ந்த காலில் இருந்ததைப்போல் இருமடங்காகப் பெருகியிருந்தது. உழைத்த தசை தனக்கு வேண்டியதை ஆவலுடன் வாங்கிச் சேர்க்கிறது; ஆனால் வாங்குவதற்கு உணவு வந்து சேர வேண்டும் என்பதே இச்சோதனையின் பாடம்.

கிளைகோஜன் முற்றிலும் நிரம்ப, தக்க உணவு கிடைத்தால் 24 மணி நேரமாவது ஆகும். கடும் பயிற்சியில் உள்ளவருக்கு நாள் ஒன்றுக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 7 முதல் 10 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும் என்பது இன்றைய அறிவுரை. 50 கிலோ எடையுள்ள மாணவிக்கு இது 350 முதல் 500 கிராம் வரை ஆகிறது. அரை கிலோ அரிசியில் இருப்பதே சுமார் 390 கிராம்தான். ஓட்டம் முடிந்த முதல் சில மணி நேரத்தில் தசை சர்க்கரையை விரைவாக ஏற்கிறது. எனவே ஒரே நாளில் இரண்டு முறை ஓட வேண்டியவருக்கு உடனே உண்ணுதல் மிக முக்கியம்.

இதற்கு விலையுயர்ந்த டப்பாப் பொடிகள் தேவையில்லை. கேரள வீடுகளின் கஞ்சியும் பயறும் நல்ல உதாரணம். நீர், உப்பு, மாவுச்சத்து, புரதம் ஆகிய நான்கும் ஒரே கலத்தில் இருக்கின்றன. நேந்திரம்பழம், மரவள்ளிக் கிழங்கு, மத்தி மீன், முட்டை, மோர் ஆகியவை இரு மாவட்டங்களிலும் எளிதில் கிடைப்பவை. குறை உணவின் வகையில் அன்று, அளவிலும் நேரத்திலுமே. காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சியைத் தொடங்கி, ஏழரை மணிக்கு முடித்து, வெறும் தேநீருடன் பேருந்தேறிப் பள்ளிக்குச் செல்லும் மாணவன், உடல் உணவை ஏற்கக் காத்திருந்த நேரத்தை இழந்துவிடுகிறான். அவன் மாலைப் பயிற்சிக்கு வரும்போது கிடங்கு பாதி காலியாகவே இருக்கிறது. ‘இவனுக்கு ஊக்கம் குறைந்துவிட்டது’ என்று அப்போது சொல்வது நியாயமாகாது.

தசையின் கடன்

அடுத்தது தசையின் சேதம். தரையில் கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகுகிறது. இவ்வகை இறுக்கமே தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்களை உண்டாக்குகிறது. வலி உடனே தெரிவதில்லை. 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சமடைகிறது. படி இறங்குவது கடினமாகிறது. சேதமடைந்த தசையிலிருந்து கசியும் நொதிகள் இரத்தத்தில் சில நாட்கள் வரை உயர்ந்தே காணப்படுகின்றன.

மலைநாட்டினருக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. ஏற்றத்தில் ஓடுவது மூச்சைச் சோதிக்கிறது. இறக்கத்தில் ஓடுவது தசையைச் சோதிக்கிறது. சரிவில் இறங்கும்போது தொடைத் தசை தடுப்புக் கட்டையாக வேலை செய்கிறது. அதனால் மூச்சு வாங்காத இறக்க ஓட்டமே அதிக வலியைத் தருகிறது. தேவிகுளம், உடும்பன்சோலைச் சரிவுகளில் சிறுவயது முதல் நடந்து பழகிய பிள்ளைகளின் தசைகளுக்கு இதில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஏனெனில் ஒரு முறை இவ்வகைச் சேதத்திற்கு உட்பட்டுச் சீரான தசை, அடுத்த முறை குறைவாகவே சேதமடைகிறது. சமவெளியிலிருந்து மலைப் பயிற்சிக்கு வரும் பாலக்காட்டு மாணவருக்கு அப்பாதுகாப்பு இல்லை. முதல் வாரத்திலேயே அவரை நீண்ட இறக்கங்களில் ஓடவிடுவது தவறு.

சீரமைப்புப் பணி பெரும்பாலும் உறக்கத்தில் நடைபெறுகிறது. ஆழ்ந்த உறக்கத்தின்போதே வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. வளரும் பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும். கடும் பயிற்சி செய்வோருக்கு நாள்தோறும் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராமுக்குக் குறையாத புரதமும் வேண்டும். போட்டிக்காக வந்த பிள்ளைகளை வகுப்பறைத் தரையில் நெருக்கிப் படுக்க வைத்து, விளக்கையும் அணைக்காமல் வைத்திருப்பது, மறுநாள் ஓட்டத்தை முதல்நாள் இரவே தோற்பதாகும்.

வெப்பமும் நீரும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்கு அமைந்துள்ள இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே கோடையில் கிழக்கேயிருந்து வெப்பக் காற்று புகுகிறது. கேரளத்தின் பிற பகுதிகளைவிடப் பாலக்காட்டில் வெயில் கடுமை. 40 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. 2024 ஏப்ரலில் இந்திய வானிலை ஆய்வுத் துறை இம்மாவட்டத்திற்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைவிட மிகும்போது, உடல் காற்றுக்கு வெப்பத்தை இழப்பதற்குப் பதிலாகக் காற்றிலிருந்து வெப்பத்தை ஏற்கிறது. அப்போது வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. ஈரப்பதம் மிகுந்த நாட்களில் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது.

கடும் ஓட்டத்தில் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை வியர்வை வெளியேறக்கூடும். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு நீர் குறைந்தாலே, குறிப்பாக வெயிலில், திறன் குறையத் தொடங்குகிறது. இரத்தத்தின் கன அளவு சுருங்க, இதயம் அதே வேலைக்கு அதிகமாகத் துடிக்க நேர்கிறது.

இதன் கடுமையை நாடு 2016இல் கண்டது. வயநாட்டைச் சேர்ந்த ஓ.பி. ஜெய்ஷா, அதற்கு முந்தைய ஆண்டு பெய்ஜிங் உலகப் போட்டியில் மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 34 நிமிடம் 43 வினாடியில் முடித்துத் தேசியச் சாதனை படைத்தவர். ரியோ ஒலிம்பிக்கில் அவருக்கு 2 மணி 47 நிமிடம் 19 வினாடி ஆயிற்று. இலக்கை அடைந்ததும் அவர் மயங்கி விழுந்தார். நரம்பு வழியே நீர் ஏற்றப்பட்டது. இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட மேசைகளில் தமக்கு நீரோ ஊட்டப் பானமோ கிடைக்கவில்லை என்று அவர் கூறினார். தடகளச் சம்மேளனம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது இவ்வுரையின் நோக்கமன்று. 42 கிலோமீட்டர் ஓடுபவரின் நீர்த் திட்டம், ஓடுபவர், பயிற்சியாளர், மேலாளர் ஆகிய மூவரும் முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்பதே இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

அளவுக்கு மீறி வெறும் நீரைக் குடிப்பதும் ஆபத்தே. இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து, குழப்பமும் வலிப்பும் உண்டாகலாம். ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பதே நல்ல வழிகாட்டி. எடை சிறிது குறைந்திருப்பது இயல்பு. கூடியிருந்தால் அது எச்சரிக்கை. ஓட்டத்திற்குப் பின் உப்பிட்ட கஞ்சித் தண்ணீரோ மோரோ அருந்துவது, இழந்த நீரையும் உப்பையும் ஒருங்கே ஈடுசெய்கிறது.

வெப்பத்திற்கு உடல் பழகவும் செய்கிறது. 10 முதல் 14 நாட்கள் படிப்படியாக வெயிலில் பயிற்சி பெற்றால், இரத்த நீர் பெருகுகிறது. வியர்வை விரைவில் தொடங்குகிறது. அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. இடுக்கியின் குளிரிலிருந்து மார்ச் மாதத்தில் பாலக்காட்டிற்கு ஓட வரும் பிள்ளைக்கு இந்த இரு வாரங்களை அளிக்க வேண்டும். ஓடியவர் பேச்சுக் குழறி, தடுமாறி, உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி விழுந்தால், முதலில் குளிர்ந்த நீரில் அமிழ்த்தியோ நீரூற்றியோ உடலைக் குளிர்விக்க வேண்டும். அதன் பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் ஒரு பெரிய தொட்டியும் பனிக்கட்டியும் இருந்தால் ஓர் உயிரைக் காக்க முடியும்.

மலைக் காற்றின் பயன்

1968இல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் நடந்தபோது, உயர்ந்த நிலப்பகுதிகளில் வாழ்ந்த கென்யா, எத்தியோப்பியா நாட்டினர் நெட்டோட்டங்களில் சிறந்து விளங்கினர். அதன் பின் உயர்நிலப் பயிற்சியில் உலகெங்கும் ஆர்வம் பெருகியது. உயரத்தில் பிராணவாயுவின் அழுத்தம் குறைவதால், சிறுநீரகம் சுரக்கும் இயக்குநீர் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகிறது. ஆனால் இப்பயன் தெளிவாகக் கிடைக்க 2,000 முதல் 2,500 மீட்டர் உயரத்தில் மூன்று அல்லது நான்கு வாரமாவது தங்க வேண்டும் என்பது ஆய்வுகளின் முடிவு. உயரத்தில் வாழ்ந்து, கடும் வேகப் பயிற்சிகளைத் தாழ்ந்த இடத்தில் செய்வது மேலும் நல்லது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்டனர்.

கேரள அரசு உயர்நிலப் பயிற்சி மையம் அமைத்த மூணாறு நகரம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சிவப்பணுக்களைப் பெருக்க இந்த உயரம் போதுமானதன்று. ஆயினும் மூணாறின் பயன் வேறிடத்தில் உள்ளது. அதன் குளிர்ந்த காற்றில் வெப்பத்தை வெளியேற்ற உடல் போராட வேண்டியதில்லை, நீரிழப்பு குறைவு, இரவு உறக்கம் ஆழ்ந்தது. கோடையில் பாலக்காட்டு வெயிலில் முடிக்க இயலாத பயிற்சியை அங்கே முடித்து, விரைவில் மீளவும் முடியும். எது கிடைக்கும், எது கிடைக்காது என்று அறிந்து திட்டமிட்டால் மையமும் பயன்படும், செலவும் வீணாகாது.

இரத்தத்தின் கடன்

எல்லாக் கடன்களிலும் மெதுவாகத் தீர்வது இரத்தத்தின் கடன். பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். நெட்டோட்டக்காரர் வியர்வையில் சிறிது இரும்பை இழக்கிறார். பாதம் தரையில் மோதும்போது சில சிவப்பணுக்கள் சிதைகின்றன. பெண்களுக்கு மாதவிலக்கின் இழப்பும் சேர்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை உண்டு. கேரளத்தில் இது நூற்றுக்கு 36. நல்ல நிலையிலுள்ள கேரளத்திலும் மூன்றில் ஒரு பெண்ணுக்கு மேல் இக்குறை இருக்கிறது என்பதே இதன் பொருள்.

இரத்தசோகையுள்ள மாணவியை எவ்வளவு ஓட வைத்தாலும் திறன் உயராது; களைப்பே உயரும். குறையை ஈடுசெய்ய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். எனவே பருவத் தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்தல் வேண்டும். கீரை, பயறு, மீன், முருங்கை ஆகியவற்றுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்கு உட்கிரகிக்கப்படும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைப்படும். தேயிலை விளையும் இடுக்கியில் இது குறிப்பாக அறியத்தக்க செய்தி. தேநீரை உணவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் போதும்.

செலவிடும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு நீண்ட நாள் கிடைக்காவிட்டால், பெண்களிடம் மாதவிலக்கு நின்றுபோகலாம். எலும்பு வலுவிழந்து விரிசல் காணலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதைத் தனியொரு குறைபாடாக அறிவித்து எச்சரித்தது. ஆண்களுக்கும் இது நேர்வதுண்டு. மூன்று மாதம் மாதவிலக்கு வராத மாணவியை மருத்துவரிடம் அனுப்புவது பயிற்சியாளரின் கடமை. ‘உடல் மெலிந்தால் வேகம் கூடும்’ என்று அவளிடம் சொல்வது தீங்கு.

அட்டவணையில் ஓய்வுக்கு இடம்

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு விடை கூறலாம். மூச்சின் கடன் ஒரு மணியில் தீரும். நீரின் கடன் ஒரு நாளுக்குள் தீரும். எரிபொருளின் கடன் ஒன்றிரண்டு நாட்களில் தீரும். தசையின் கடன் மூன்று முதல் ஐந்து நாட்கள் கேட்கும். மாரத்தானுக்குப் பின் வாரங்களும் ஆகும். இரத்தத்தின் கடனுக்கு மாதங்கள் வேண்டும். குவாங்சோவில் இரு ஓட்டங்களுக்கும் இடையே ஐந்து நாட்கள் இருந்தன. பயிற்சி பெற்ற உடலுக்கு, இரத்தம் குறைவின்றி இருந்தால், அந்த இடைவெளி போதுமானது.

நம் பள்ளிப் போட்டிகளில் நிலைமை வேறு. மூன்று நான்கு நாட்களுக்குள் எல்லாப் போட்டிகளும் முடிக்கப்படுகின்றன. அதே மாணவி 1500, 3000, 5000 மீட்டர் ஆகிய மூன்றிலும் ஓடுகிறாள். பள்ளிக்குப் புள்ளிகள் வேண்டும். பெற்றோருக்குப் பரிசுத் தொகை உதவும். மதிப்பெண் சலுகையும் காத்திருக்கிறது. அவள் வென்றும் விடுகிறாள். ஆனால் பள்ளிப் பருவத்தில் ஒளிவீசிய எத்தனையோ பெயர்கள் இருபது வயதிற்குப் பின் கேட்கப்படுவதில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஓய்வின்றி ஓட வைத்ததும் அவற்றுள் ஒன்று என்பதைப் பயிற்சியாளர்கள் அறிவார்கள்.

இதை மாற்றப் பெருநிதி தேவையில்லை. நெட்டோட்டங்களைப் போட்டியின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் அமைக்கலாம். வெயில் ஏறும் முன் நடத்தலாம். காலைப் பயிற்சி முடிந்த அரை மணிக்குள் உணவு கிடைக்குமாறு விடுதிச் சமையலறையின் நேரத்தை மாற்றலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேட்டில் காலை எழுந்தவுடன் நாடித்துடிப்பு, எடை, உறங்கிய நேரம், சிறுநீரின் நிறம் ஆகிய நான்கையும் எழுதலாம். சில நாட்கள் தொடர்ந்து காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஐந்து முதல் பத்து வரை உயர்ந்திருந்தால், உடல் இன்னும் மீளவில்லை என்று கருதி அன்றைய பயிற்சியைக் குறைக்கலாம். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு கொடுக்கலாம். ஆண்டிற்கு இரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்யலாம். இவற்றுக்கு வேண்டியவை ஒரு கடிகாரம், ஓர் எடைக் கருவி, ஒரு நோட்டுப் புத்தகம், சற்றுக் கவனம் ஆகியவையே.

பயிற்சி உடலை வலுப்படுத்துகிறது என்பது பாதி உண்மையே. பயிற்சி உடலைக் குலைக்கிறது; அதன் பின் வரும் உணவும் நீரும் உறக்கமுமே அதை முன்னைவிட வலுவாக எழுப்புகின்றன. ஓடுவது பிள்ளையின் பொறுப்பு. மீள்வதற்கான வசதியைச் செய்து தருவது ஆசிரியர், விடுதிக் காப்பாளர், விளையாட்டு அலுவலர், பெற்றோர் ஆகிய அனைவரின் பொறுப்பு. முல்லக்கானத்திலும் முண்டூரிலும் இன்று அதிகாலையில் எழுந்து ஓடும் சிறுமிக்கு, ஓடி முடித்தவுடன் ஒரு கிண்ணம் கஞ்சியும், இரவில் நிம்மதியான உறக்கமும் உறுதியானால், இன்னும் பத்தாண்டு கழித்தும் அவள் ஓடிக்கொண்டிருப்பாள்.